அடுத்து எடுத்தவர்

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு இன்றைக்குத்தான் அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஒரு பெண்ணைத் தேடிப் போகிறோம், கொஞ்சம் பார்க்கும்படி இருக்க வேண்டாமா? தெருவில் எல்லார் துணியையும் தைத்துக் கொடுத்தவள் இல்லாததால், பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு இருந்தது.

நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த பெண்ணிடம் புத்தகத்தை விரித்து வைத்தார். ஓரமெல்லாம் பொடிப்பொடியாய்ப் பென்சில் எழுத்து. பெண்தான் என்று எழுத்தே சொன்னது.

"கிறுக்கி வச்சிருக்காங்கன்னு புகாரா சார்?"

"ஐயோ, இல்லைம்மா. இவங்களப் பார்க்கணும். ரெண்டு வருஷம் முந்தி நான் படிச்சப்ப இதெல்லாம் இல்லை. எனக்கு அடுத்து எடுத்தவங்க எழுதியிருக்காங்க."

ஒரு புத்தகமா, இரண்டா? படித்ததையே மறுபடி எடுக்க எடுக்க, ஒன்பதிலும் அதே எழுத்து. பக்க அடையாளத்துக்கு அதே நீல நூல் துண்டு. ஆயுசு முழுக்க அடுத்தவர் எழுத்தில் பிழை பிடித்தே ஓய்வுபெற்ற புரூஃப் ரீடர், முதல் முறையாகச் சொக்கிப் போயிருந்தார்.

'இதைப் படித்துவிட்டு ஒரு மனுஷன் எப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறானோ!' என்ற வரியை நேற்று பத்து முறை படித்தார். பேச ஆளில்லாத வீட்டில் யாரோ பேசியது மாதிரியே இருந்தது.

"அசல் புத்தகப் புழும்மா இவங்க," என்றார். "எங்க வீட்டுல அந்த வார்த்தை என்னைத் திட்டுறதுக்குத்தான். 'புத்தகப் புழுவே, அதுல அப்படி என்னதான் இருக்கு, சொல்லுங்களேன்'னு வந்து நிப்பா. சொன்னா உனக்குப் புரியாதும்பேன். பாவம், பால் கவரைத் தாண்டி அவ எதையும் படிச்சதில்லை."

நூலகப் பெண் பதிவேட்டைப் புரட்டினாள். "ஒன்பதும் ஒரே கார்டு சார். நீங்க திருப்பிக் குடுத்த மறுநாளே எடுத்திருக்காங்க. இப்பல்லாம் வர்றதில்லை போல."

"விலாசம் இருக்குமே? ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிட்டு வந்துடுறேன். மிச்ச நாளைக்கு ஒரு பேச்சுத்துணை கிடைச்சா போதும்மா."

அவள் அந்தக் கார்டைத் தேடி எடுத்தாள். மேஜைமேல் கிடந்த அவருடைய கார்டையும் ஒரு தரம் பார்த்தாள்.

"சார்... இது உங்க வீட்டு விலாசம்தான்."