கேட்டு வாங்கிய தோசை

பிறந்த மூன்றாம் நாளே இனியாளின் மணிக்கட்டில் உடல்நிலையை உணரும் மின்னணு வளையைப் போட்டுவிட்டார்கள். பசி, தாகம், வலி எதுவானாலும் அது உடனே தாய் ஜெபசெல்வியின் காதுக்கருவியில் சொல்லிவிடும். ஐந்து வயது வரை மகளை அவள் அழவிட்டதே இல்லை.

பள்ளியில் வளைக்கு அனுமதி இல்லை. சேர்ந்த இரண்டாம் வாரமே, மூடி திறக்க வராத தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இனியாள் மயங்கி விழுந்தாள். வாயாடிப் பிள்ளைதான், ஆனால் மூடியைத் திறந்து தரச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லை. பயந்துபோன ஜெபசெல்வி, நாகர்கோவிலில் குழந்தைகள் மனநல டாக்டர் ரெஜினாளிடம் ஓடினாள்.

"இவ உங்ககிட்ட எப்பவாவது ஏதாவது வேணும்னு கேட்டிருக்காளா?"

ஜெபசெல்வி யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வீட்டுலயும் வளையைக் கழட்டிருங்க. அவளா கேக்குற வரைக்கும் பொறுங்க."

"பிள்ளை தவிச்சுப் போயிருவாளே, டாக்டர்."

"கொஞ்சம் தவிக்கட்டும். நீங்க பக்கத்துலயே இருங்க."

முதல் மூன்று நாளும் ஜெபசெல்விதான் தோற்றாள். மகள் முகம் வாடியதுமே, அவள் கேட்கும் முன்னே தட்டில் சாப்பாடு வைத்துவிட்டாள். நான்காம் நாள் காலை, பல்லைக் கடித்துக்கொண்டு தோசைக்கல் முன்னால் நின்றாள். இனியாள் சேலையைப் பிடித்து இழுத்தாள், தரையை உதைத்தாள், அழுதாள். பிறகு தேம்பலுக்கு நடுவே, "அம்மா, பசிக்குது. தோசை தா" என்றாள்.

அவள் சாப்பிட உட்கார்ந்ததும் ஜெபசெல்வி டாக்டரைப் போனில் அழைத்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள், "அம்மா, இன்னொண்ணு" என்று மகள் அதட்டினாள்.

"எனக்கும் கேட்டுது," என்றார் டாக்டர். "போங்க, மொதல்ல அவளுக்கு வைங்க."