பலகையில் முதல் பெயர்

“இன்னிக்கு அஞ்சு பேருக்குக் கம்மியா வந்தா கிளாஸை கேன்சல் பண்ணிடுவாங்க. எல்லாம் இந்த ‘ரன்’னால வந்த வினை,” என்று புலம்பிக்கொண்டே காரைவிட்டு இறங்கினாள் ஜெயலீலா. கணவன் தேவநேசன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையசைத்தான்.

அமெரிக்காவில், மில்பிடாஸ் ஊரில் உள்ள ஒரு நூலகத்தில், சனிக்கிழமைதோறும் சீனத்துப் பெரியவர்களுக்கு அவள் இலவசமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். டிபென்டென்ட் விசாவில் ஆறு வருஷம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவளுக்கு, வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் உயிர்.

பன்னிரண்டு பேரோடு தொடங்கிய வகுப்பு அது. கார் ரன் ஆகும், மூக்கு ரன் ஆகும், கடையை ரன் பண்ணலாம், தேர்தலிலும் ரன் பண்ணலாம். ஒரே வார்த்தைக்கு இத்தனை அர்த்தமா என்று மிரண்டுதான் ஒவ்வொருவராக நழுவுகிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தாள்.

ஆனால் ஓரிடத்தில் உதைத்தது. நின்றுபோனவர்கள் எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள். தத்துப்பித்தென்று உளறியவர்களோ வாரம் தவறாமல் வந்தார்கள்.

இத்தனைக்கும் உற்சாகப்படுத்துவதில் அவள் குறையே வைக்கவில்லை. சரியான பதில் சொன்னவரின் பெயரைச் சிவப்பு மார்க்கரால் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, எல்லாரையும் கைதட்ட வைப்பாள். ஊரில் டீச்சராக இருந்தபோது முதல் ரேங்க் வாங்கியவர்களுக்குச் செய்த மரியாதை. போன வாரம் அந்த மரியாதை மிஸ்டர் சென்னுக்குக் கிடைத்தது.

இன்று அவருடைய நாற்காலி காலி. மீதி ஐந்தே பேர்.

“ரன்” வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னாள். என் மூக்கு தேர்தலில் ரன் பண்ணுகிறது என்றார் மிஸஸ் லின். மற்ற நால்வரும் அதே ரகம்தான். மார்க்கரைத் திறக்கவே வேலையில்லாமல் வகுப்பு முடிந்தது, ஜெயலீலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். நூலகக் கவுன்ட்டரில் மிஸஸ் லின், ஞாயிற்றுக்கிழமை பஸ் ரன் ஆகுமா, எத்தனை மணி வரை ரன் ஆகும் என்று பிசிறில்லாத ஆங்கிலத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“இவ்ளோ நல்லா பேசுறீங்களே மிஸஸ் லின், அப்புறம் ஏன் கிளாஸ்ல மட்டும் தப்பா சொன்னீங்க?”

மிஸஸ் லின்னுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், வகுப்பை விடவும் மனசில்லை, அதனால்தான் ஐந்து பேரும் பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொல்கிறோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், எங்க ஊர்ல சாகப்போறவங்க பேரைத்தான் சிவப்புல எழுதுவாங்க.”