ஏறாத ரத்தம்

"நாலு மாசமா மருந்து பூசியும் ரத்தம் ஏறலைன்னா, உள்ள ஏதாவது கோளாறா டாக்டர்?"

கேட்டது மனைவி. ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுத்திருந்த கணவரோ, ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கவலைப்படுவது அவர்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட வேலை.

"ஆரோக்கியமான ஆம்பளைங்க இந்த ஆண் ஹார்மோன் ஜெல்லைத் தோள்ல பூசினா, ரத்தத்துல சிவப்பணு எவ்வளவு கூடுதுன்னு பாக்கறோம்," என்றார் டாக்டர். "மத்த பத்தொன்பது பேருக்கும் ஹீமோகுளோபின் ஏறிடுச்சு. இவருக்கு மட்டும் அதே பதினாலு. எலும்பு மஜ்ஜை சரியா வேலை செய்யுதான்னு பாக்கணும்."

பிறகு கணவரிடம், "நடுவுல எப்பவாவது விட்டுட்டீங்களா?" என்றார்.

"எங்க சார் விடறது? காலையில காபி வருதோ இல்லையோ, ஜெல் வந்துடும். இவ காவல் அப்படி."

மஜ்ஜை என்றதுமே அவளுக்கு இடுப்பெலும்பில் ஊசி, படுக்கை, வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று மனசு தறிகெட்டு ஓடியது. இலவசமாக உடம்பைப் பரிசோதிப்பார்கள் என்று, சும்மா இருந்த மனுஷனை இதில் சேரச் சொன்னதே அவள்தான்.

"அவருக்கு ரத்தம் ஏத்தணும்னா என்கிட்ட எடுத்துக்குங்க டாக்டர்." குரல் கரகரத்தது. இரண்டு மாதமாகவே அப்படித்தான். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்தான்."

"அதுக்கெல்லாம் இப்ப அவசியம் இல்லைம்மா."

"எதுக்கும் பார்த்து வைங்களேன்." விரலை நீட்டிவிட்டாள்.

"பார்த்துடுங்க சார். இல்லைன்னா வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு நிம்மதி கிடையாது," என்றார் கணவர்.

அவள் சமாதானத்துக்காக டாக்டர் ஒரு சொட்டு எடுத்து, மேஜை மேலிருந்த சின்னக் கருவியில் வைத்தார். எண்ணைப் பார்த்தவர், இன்னொரு விரலிலும் குத்தினார். மறுபடி பார்த்தார்.

"என்ன டாக்டர், எனக்கும் கம்மியா?"

"பதினேழரை. பொம்பளைங்களுக்கு இவ்வளவு வராதும்மா." டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இவருக்கு அந்த ஜெல்லை யார் பூசி விடறது?"

"நான்தான். அப்படியே வச்சா ஜில்லுன்னு இருக்குன்னு உதறுவாரு. அதனால முதல்ல என் உள்ளங்கையில பிழிஞ்சு, ஈரம் போற வரைக்கும் நல்லா தேய்ச்சு, சூடு பண்ணிட்டுத்தான் அவர் தோள்ல கையை வைப்பேன்."