மெத்தை வண்டிக்கு ஒரு டர்போ

"பெரிசையே போடு தம்பி," என்றார் மெத்தைக் கம்பெனி முதலாளி.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். மேஜைமேல் இரண்டு டர்போக்கள் இருந்தன. ஒன்று கைக்கு அடக்கமானது. மற்றது அதற்கு அண்ணன்.

டர்போ என்பது, வண்டி விடும் புகையின் வேகத்திலேயே சுழன்று எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும் சாதனம். மேடு ஏற உதவும். பெரிதாகப் போட்டால் சிலருக்குத் தலைக்குள்ளும் கொஞ்சம் காற்று போவதுண்டு.

"அண்ணே, சொன்னாக் கேளுங்க. சின்னது மிதிச்சவுடனே இழுக்கும். பெரிசு சுத்த ஆரம்பிக்கவே நேரம் எடுத்துக்கும், அப்புறம்தான் பிடிக்கும். கல்லும் ஜல்லியும் ஏத்தறவங்க கேக்கற சாமான் அது."

"இருக்கட்டுமே."

"நீங்க ஏத்தறது மெத்தைங்க!"

இது முதலாளியின் மனைவி. பெஞ்சில் எண்ணெய்க் கறை படாத ஒரே ஓரத்தைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"கயிறு கட்டலைன்னா தானே பறந்து போயிடற சரக்கு. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிசு?"

"குடோன் போற ஏத்தத்துல இழுக்கணும்ல?"

"இத்தனை வருஷமா நானா பின்னாடி நின்னு தள்ளினேன்?"

முதலாளி மெக்கானிக் பக்கம் திரும்பினார். "சத்தம் எப்படி?"

"சின்னது பூனை. வந்து நின்னாலும் தெரியாது. பெரிசு விசிலடிக்கும்ணே. மேட்டுல அழுத்தினா தெருவே திரும்பிப் பார்க்கும்."

"அப்ப அதேதான்!"

மனைவி தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "தலை வழுக்கையானப்புறம் விசிலடிச்சுக்கிட்டுப் போகணும்னு ஆசை வந்திருக்கு. யாரு திரும்பிப் பார்க்கணுமோ!"

பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மெக்கானிக்கும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே சட்டைப் பையில் தேடுகிற முதலாளிக்கு விசிலடிக்கும் வண்டி!

மனைவிக்கு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

முதலாளி சட்டென்று மெக்கானிக்கின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். பெரிசை மாட்டிடு. எங்க ஆளுங்க பொழப்பு அதுல இருக்கு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"தினமும் மதியம் நானும் அவளும் குடோனுக்குப் போவோம். தையல்காரரும் பேக்கிங் ஆளுங்களும் விடியறதுக்கு முன்னாடியே வந்து வேலை பார்க்கறவங்க. சாப்பிட்டதும் கொஞ்சம் கண் அசருவாங்க. சுத்தி மெத்தையா அடுக்கி வச்சிருக்கோம், தூங்காதேன்னா எப்படி? உள்ளே போனா எனக்கே கொட்டாவி வரும்."

"சரி..."

"போன மாசம் ஒரு கஸ்டமர், புது மெத்தையில ஆள் படுத்த பள்ளம் இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டார். வந்துச்சு பாரு இவளுக்குக் கோபம்! எல்லாரையும் நிக்க வச்சு, 'விக்கிற மெத்தையில யாராவது படுத்திருந்து என் கண்ணுல பட்டா அன்னிக்கே வேலை போச்சு'ன்னுட்டா. அவ சொன்னா சொன்னதுதான், உனக்குத் தெரியாதா?"

மெக்கானிக்குக்குத் தெரியும். அவருடைய பில்லை அந்த அம்மா சரிபார்த்திருக்கிறார்.

"இத்தனை நாள் பழைய டர்போ கெட்டுப்போய் ஊளையிட்டுச்சு. அது கேட்டதும் எழுந்து, மெத்தையைத் தட்டிப் போட்டுட்டு, யோக்கியமா நிப்பாங்க. இப்ப நீ பூனையை மாட்டிவிட்டா என்ன ஆகும்?"

"ஹாரன் அடிங்களேன்."

"ஒரு தடவை அடிச்சும் பார்த்தேனே! 'ரோட்டுல ஈ காக்கா இல்ல, யாருக்கு அடிக்கிறீங்க'ன்னு கேக்கறா. பக்கத்துலயே உட்கார்ந்திருக்கும்போது போனும் பண்ண முடியாது."

மெக்கானிக் மேஜையிலிருந்த சின்ன டர்போவை எடுத்து அலமாரிக்குள் வைத்து மூடினார்.

மனைவி திரும்பி வந்தார். "என்ன முடிவாச்சு?"

"யோசிச்சுப் பார்த்தா அண்ணன் சொல்றதுதான் சரி அண்ணி. அந்த ஏத்தத்துக்குப் பெரிசுதான் தாங்கும்."

"அதுக்குள்ள கட்சி மாறியாச்சா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த விசில் எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

"நல்லாவே கேக்கும் அண்ணி. மேட்டுக்குக் கீழே அழுத்தினா குடோன் வரைக்கும்..."

முதலாளி அவர் காலை மிதித்தார்.

"என்னமோ பண்ணுங்க. ஒரு இரும்பைப் பார்த்தா ஆம்பளைங்க எல்லாரும் ஒண்ணு சேர்ந்துக்கறீங்க. உங்களோட யாரு மல்லுக்கட்டறது?" என்று மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் மதியம் வண்டி மேட்டடிக்கு வந்தது.

முதலாளி அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. மெக்கானிக் எச்சரித்தபடியே அது நிதானமாக யோசித்தது. அப்புறம் கிளம்பியது பாருங்கள் விசில்! மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒரேயடியாக எழும்பின. வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் கைப்பிடிச் சுவருக்கே ஓடிவந்து எட்டிப் பார்த்தார்.

முதலாளிக்குப் பரம திருப்தி. ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. நேரே சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு போதும் என்று பாதி மேட்டில் முதலாளி காலைத் தளர்த்தினார். விசில் இறங்கியது.

"ஏன் விட்டுட்டீங்க?" என்றார் மனைவி.

"என்னது?"

"இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. தையல்காரருக்கு முழங்கால் வலி, எழுந்திருக்க நேரமாகும்."