ஒத்துக்கொண்டால் தோல்வி

மந்திரி தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். நாற்காலியில் நெளிந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார்.

"பதில் சொல்லுங்க சார்," என்றாள் ரெபேக்கா. "செவுத்து விரிசல்ல என் கையே உள்ள போவுது. மழை பெஞ்சா ராத்திரி பூரா குந்திகினே கீறோம். அந்த ஊட்ல மனுஷன் இருக்க முடியுமா?"

"முடியாதும்மா," என்றார் மந்திரி.

டங்கென்று மணி அடித்தது. "ஒத்துக்கினான், அவுட்டு," என்றான் கிரண். மந்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் எல்வின் ஆனான்.

கல்லூரிப் பட்டிமன்றக் குழுவின் ஒத்திகை அது. நிஜ மந்திரி மறுநாள் கல்லூரிக்கே வருகிறார், மாணவர்கள் கேள்வி கேட்கலாம். பழைய சுரங்க நிலத்தில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு. அந்த நிலத்தில்தான் ரெபேக்கா குடியிருக்கும் லைன் இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி அந்தக் காலத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகள். தாத்தா காலத்திலிருந்து இருக்கிறார்கள், பட்டா மட்டும் யார் பேரிலும் கிடையாது. அந்தப் பட்டா கைக்கு வராவிட்டால் பெட்டி படுக்கையோடு எங்கே போவது என்று அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

கறுப்புக் கொடி காட்டலாம் என்று நாகேஷ் சொல்லிப் பார்த்தான். "போலீஸ் வேன்ல ஏத்தினு போய் பேத்தமங்களா ஏரியாண்ட எறக்கி உட்ருவாங்க குரு, நடந்தேதான் வரணும்," என்று கிரண் சொன்னதும் அந்த யோசனை அங்கேயே படுத்துவிட்டது. ஊர் ஊராகப் போய் வாதாடிக் கோப்பை வாங்கி வந்த பிள்ளைகள், கொடியும் கோஷமும் அவர்களுக்கு எதற்கு? கேள்வி கேட்டே மடக்குவது என்று முடிவானது.

"இந்த ஒண்ண மட்டும் கேளு," என்றான் எல்வின். "மூணு தலைமுறையா கீறோம்னு சொன்னா, வாடகை வூடுதானேன்னுவாரு. தாத்தா சுரங்கத்துல செத்தாருன்னா, நஷ்டஈடு வாங்கினீங்களேன்னுவாரு. விரிசலுக்கு இன்னா சொல்லுவாரு? ஒத்துக்கத்தான் வேணும்."

எதிராளி சொன்னதை ஒத்துக்கொண்டால் அந்த இடத்திலேயே தோல்வி. அவர்கள் குழுவில் அதுதான் சட்டம், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

ரெபேக்காவின் அப்பா சுந்தரராஜ் காலை ரயிலில் பெங்களூர் போய் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர். மகள் பேசுவதைக் கேட்க மறுநாள் லீவு போட்டிருந்தார். "நம்ம வூடு நிக்குமாம்மா?" என்று அன்று காலை கல்லூரி வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிக்கும்பா. நீ வந்து உக்காரு."

மந்திரிக்குத் தாய்மொழி வேறு என்றாலும் கூட்டத்தில் தமிழிலேயே பேசினார். தேர்தலுக்குத் தேர்தல் இந்தப் பக்கம் வந்து பழகிய தமிழ், நன்றாகவே இருந்தது. மைக் கைக்கு வந்ததும் ரெபேக்கா எழுந்து நின்றாள். விரிசல் கேள்வியை ஒத்திகையில் கேட்டதைவிட நன்றாகவே கேட்டாள்.

மந்திரி கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீடு மட்டும்தான் இப்படியாம்மா?"

"லைன் மொத்தமும் அப்படித்தான் சார்."

"உசுருக்கு ஆபத்துன்னு சொல்றியா?"

"ஆமா சார். எப்ப விழும்னு பயந்துக்கினேதான் படுக்கிறோம்."

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா," என்றார். "அந்த வீடுங்கள்ல மனுஷன் இருக்க முடியாது."

அரங்கமே எழுந்து கை தட்டியது. எல்வின் நாகேஷைக் கட்டிக்கொண்டான். கடைசி வரிசையில் சுந்தரராஜ் கர்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "என் பொண்ணு சார்" என்று காட்டினார்.

ரெபேக்காவின் கண் மட்டும் மந்திரி மேலேயே இருந்தது. பட்டா என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் வரும் என்று நின்றாள். ஒத்துக்கொண்டுவிட்ட மனிதரிடம் மேற்கொண்டு என்ன கேட்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"சார், பட்டா..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் யாரோ மைக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கைத்தட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

மந்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நின்ற அதிகாரி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

"பாவம், அவங்களே சொல்லிட்டாங்க. நாளைக்கே எல்லாரையும் காலி பண்ண வெச்சுட்டு வீடுங்கள இடிச்சிடுங்க."