ஒன்பது தாள்களின் வரிசை

அந்த ஒன்பது படங்களும் வரையப்பட்ட மதியத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. வெளியார் கேட்டால், அப்பா தூங்கிவிட்டார் என்பதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

இதை யாரும் கூடித் தீர்மானிக்கவில்லை. அப்பா மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரத்தில் தானாகவே நடைமுறைக்கு வந்தது.

படங்களைக் கலைத்துத்தான் மாட்டவேண்டும் என்பது மட்டும் என் ஏற்பாடு. பதினான்கு ஆண்டுகளாக அவை எங்கும் வரையப்பட்ட வரிசையில் தொங்கியதில்லை. வரிசையே கிடையாது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

கலைந்திருக்கும்போது அவை நாற்காலியில் அமர்ந்த ஒருவரின் ஒன்பது முகங்கள். வரிசைப்படுத்தினால், பக்கவாதம் ஒரு முகத்தில் இறங்கிய ஒன்றரை மணி நேரம்.

உருவம் தன்னைத் தானே கைவிடும் தருணம் என்று ஒரு விமர்சகர் எழுதினார். என் பெயரை நாலு பேர் அறிந்தது அந்த வாக்கியத்தால்தான். விருதும், கல்லூரி வேலையும், என் முப்பதாண்டு ஓவியங்களுக்காக ஒரு கலைக்கூடத்தில் ஏற்பாடான கண்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தவை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள், கூட்டமில்லாத நேரத்தில் பார்க்கட்டும் என்று அண்ணன் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஒன்பதும் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன.

கண்காட்சியை அமைக்கும் பெண் பூரிப்புடன் விளக்கினாள். பழைய சட்டங்களைக் கழற்றியபோது தாள்களின் பின்புறத்தைப் பார்த்தாளாம். அன்று நான் வரைந்து முடித்த தாளின் மேலேயே அடுத்த தாளை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். கரிக்கோல் தூள் உதிராமலிருக்கத் தெளிக்கும் திரவத்தை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. முதல் தாளைத் தவிர ஒவ்வொன்றின் முதுகிலும் அதற்கு முந்தைய முகம் இடம்வலம் மாறி, மங்கலாக ஒட்டியிருந்தது; அதைக் கொண்டே வரிசையைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

முதல் தாளில் வாய் நேராக இருந்தது. ஆறாவதில் அதன் வலது ஓரம் இறங்கியிருந்தது. ஒன்பதாவதில் கன்னமே சரிந்திருந்தது.

வரைந்துகொண்டிருந்தபோதே அதை நான் கண்டேன். உறக்கம் தசையைத் தளர்த்துகிறது என்று நினைத்தேன்; அப்படித்தான் நினைத்தேன் என்று பிறகு எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். கவலை வருவதற்கு முன்னால் எனக்கு மகிழ்ச்சி வந்தது. இத்தனை ஆண்டுகள் தேடிய கோடு கிடைத்துவிட்ட மகிழ்ச்சி.

முதல் ஐந்து தாள்களில் கோடுகள் நிதானமாக இருக்கின்றன, ஆறாவதிலிருந்து ஓட்டமெடுக்கின்றன, நடுவில் என்ன நடந்தது என்று அந்தப் பெண் கேட்டாள்.

அண்ணன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு, ரெண்டு ஒழுங்கா எண்ணத் தெரியாமத்தாங்க இவ படம் போடவே போனா. இவகிட்டப் போய் ஆறாவதப் பத்திக் கேக்குறீங்களே."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. சுவரில் ஒட்டும் குறிப்புக்கு ஒரே ஒரு வரி போதும் என்றாள்.

அப்பா தூங்கிவிட்டார் என்றேன்.

சொல்லும்போது அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. அவருக்குப் பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. அந்த மதியத்தில் எது அவர் நினைவில் எஞ்சியிருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எதுவும் எஞ்சியிருக்கக்கூடாது என்று மட்டும் விரும்பியிருக்கிறேன்.

நாற்காலியை நகர்த்தப் போன அண்ணனை அப்பா இடது கையால் தடுத்தார். ஐந்தாவது படத்தையும் ஆறாவது படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணை அருகே அழைத்தார். பள்ளியில் நான் வாங்கிய பரிசுகளை விருந்தாளிகளிடம் எடுத்துக் காட்டும்போது அவர் முகத்தில் இருக்கும் அதே பெருமிதம் இப்போதும் இருந்தது, பாதி முகத்தில்.

"தூங்கலம்மா. கை மரத்துப்போகுது பாப்பான்னு சொன்னேன். அசையாதீங்கப்பான்னா."

மூச்சு வாங்கினார்.

"கடைசி வரைக்கும் அசையவே இல்ல."