சோள மாவு

லவ் பேர்டின் நகத்தை வெட்டும்போது ஜெசிந்தா சற்று ஆழமாக வெட்டிவிட்டாள். ரத்தம் நிற்கவில்லை. பக்கவாதம் வந்தபிறகு அவள் கணவர் ஸ்டனிஸ்லாஸ் பேச முயல்வது அந்தப் பறவையிடம் மட்டும்தான். கால்நடை டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவாராம். "சோள மாவ வச்சு நகத்த அழுத்திப் பிடிங்கம்மா. நெஞ்சப் பிடிச்சிராதீங்க, மூச்சு முட்டிரும்" என்றாள் போனில் கிளினிக் பெண். ஜெசிந்தா அப்படியே செய்தாள். உள்ளங்கையில் படபடத்துக்கொண்டிருந்த பறவை கொஞ்ச நேரத்தில் அடங்கிப்போனது. கட்டிலில் கிடந்த கணவர் குழறலாகக் கேட்டார், "நின்னுட்டா?" பல மாதங்களில் அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி. ரத்தத்தைக் கேட்கிறாரா, மூச்சைக் கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "இருங்க, பாக்கேன்" என்றாள். விரலை எடுக்கத்தான் துணிவு வரவில்லை.